இரண்டு விநாடி மரியாதை

மதுக்கரை,
3-11-2025

சஹீருக்கு,

மூன்று வருடம் எட்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும். இன்னும் பேசாமல் இருந்தால் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று நீ முடிவுகட்டிவிடுவாய்.

உன் நம்பரைத் தடுத்துவைத்திருக்கிறேன். அதை எடுப்பதாக இல்லை. உன் மின்னஞ்சலை உன் அலுவலகத்தில் இன்னும் நாலு பேர் படிப்பார்கள் என்று கேள்வி. அதனால்தான் காகிதம். மதுக்கரைக்கும் போத்தனூருக்கும் இடையே ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. கடிதத்துக்கு இரண்டு நாள். ஆகட்டும், எனக்கொன்றும் அவசரமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவசரம் இருக்கிறது.

கணினிக்கும் கணினிக்கும் நடுவே கேள்வி பதில் சுமக்க நாம் எழுதிய 'இழை' நிரலின் பொதுப் பக்கத்தை நான் இன்னும் பார்க்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். பெருந்துறையிலிருந்து யாரோ ஒரு புகார் போட்டிருக்கிறார்கள். 'ஒருவருக்காகக் கேட்ட கேள்விக்கு இன்னொருவருடைய பதில் வருகிறது. எப்போதாவது.' அவ்வளவுதான். பத்தொன்பது நாளாக உங்கள் ஆட்கள் யாரும் அதற்கு ஒரு வரி பதில் போடவில்லை.

அந்த 'எப்போதாவது' என்ற சொல் மூன்று நாளாக என்னைச் சாப்பிட விடவில்லை. தினமும் கெடுகிற நிரலைப் பிடித்துவிடலாம். எப்போதாவது கெடுகிற நிரல் நாம் பார்க்கும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக இருக்கும்.

ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக இணைப்புப் போடாமல், ஒருமுறை போட்டதைத் திறந்தே வைத்திருந்து அடுத்த கேள்விக்கும் அதையே கொடுப்பது. இழையின் பெருமையே அதுதானே. அந்த ஏற்பாடு யாருடைய மூளையில் உதித்தது என்று உன் கம்பெனிக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறாயா? வேகம் போதவில்லை என்று உன் புதுப் பட்டாளம் அதில் கைவைத்திருக்கும். அதன் பலன்தான் இது.

முதல் பக்கத்தில் 'எழுதியவர்கள்: சஹீர் அப்துல் மஜீத் மற்றும் பிறர்' என்று இருக்கிறது. ஐந்து வருடம் உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய நான் 'பிறர்'. என் அப்பா இந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல் குவாரியில் இருபத்தாறு வருடம் வேலை செய்தார். அங்கே அவருக்குத் தகர வில்லையில் ஓர் எண் இருந்தது, பெயர் இல்லை. எங்கள் குடும்பத்தில் நாலு பேர் பார்க்கும் இடத்தில் வந்த முதல் பெயர் என்னுடையது. அதைத்தான் எடுத்தாய்.

பெருந்துறைக்காரர்களுக்குப் பதில் சொல். அது என்ன இடம் என்றும் விசாரி. கேட்பது துணி ஆர்டர் என்றால் போகட்டும். வேறு எதுவுமாக இருந்தால்?

இப்படிக்கு,
ஆ. அன்புமணி


போத்தனூர்,
6-11-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவரைக் கையில் வாங்கியதும் குல்சும் சொன்னாள், "ஏனுங்க, மதுக்கரை அண்ணன் எழுத்தாட்ட இருக்குதுங்க." பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். திட்டத்தான் செய்திருப்பீர்கள் என்று தெரியும். திட்டாவது வந்ததே என்றும் இருந்தது.

புகாருக்குப் பதில் போடாதது தவறு. இன்று காலை பெருந்துறைக்குப் பஸ் ஏறிப் போனேன். அண்ணா, நீங்கள் பயந்தது சரி. அது துணி ஆர்டர் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையம்.

நடுவில் ஒரு பெரிய கணினி. சுற்றுவட்டாரத்தில் ஆறு கவுன்டர்கள். ஒவ்வொரு கவுன்டரும் இழை வழியாகத்தான் பெரிய கணினியிடம் ரிப்போர்ட்டைக் கேட்கிறது. தாளில் அச்சாகும் பெயர் கவுன்டரில் இருப்பது, அளவுகள் மட்டும் பதிலில் வருபவை. அதனால் பதில் மாறினாலும் தாள் சரியாகத்தான் தெரியும். யுவஸ்ரீ என்று ஒரு பெண், அவள்தான் புகார் எழுதியவள். எப்படிக் கண்டுபிடித்தாய் அம்மணி என்று கேட்டேன்.

"அறுவத்திரெண்டு வயசு அய்யன் ஒருத்தருக்குக் கர்ப்பம் இல்லைன்னு வந்துதுங்க. அது எங்களுக்கும் தெரியுமுங்க, மிஷின் சொல்லோணும்னு இல்லீங்க" என்றாள். கவுன்டரில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த அய்யனுக்கு அப்படி ஒரு வரி வந்ததால் தெரிந்தது. சர்க்கரையும் உப்பும் மட்டும் மாறி வந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? எத்தனை பேருக்கு ஏற்கெனவே மாறியிருக்கிறது?

இப்போதைக்கு அங்கே இணைப்பைத் திறந்துவைப்பதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் புது இணைப்பு. தவறு வராது, ஆனால் பொறுக்க முடியாத தாமதம். உரிமையாளர் சுந்தரராஜுலு சொல்கிறார்: "ஏனுங் தம்பி, வண்டி ரிப்பேர்னா எறங்கித் தள்ளச் சொல்றீங்க. எத்தன நாளைக்குங்க தள்றது?"

எங்கள் புதுப் பிள்ளைகள் அந்தப் பகுதியைத் தொடவில்லை, அண்ணா. பதிவுகளின் தேதிகளைப் பார்த்துவிட்டேன். அதில் கடைசியாகக் கைவைத்தது நாம் இருவரும் சேர்ந்திருந்த காலத்தில்தான். ஒரே ஒரு இடம் எனக்குப் புரியவில்லை. ஒரு கேள்வி பாதியில் ரத்தானால், இழை இரண்டு விநாடி சும்மா காத்திருக்கிறது. அதன் பிறகு இணைப்பை அடுத்த கேள்விக்காகத் திரும்பப் பொதுவில் வைக்கிறது. ஏன் இரண்டு விநாடி? பக்கத்தில் காரணம் எழுதவில்லை. பத்தாயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒருமுறைகூட தவறவில்லை. எடுத்துவிடலாம் என்றால், இழையை நம்பி இருப்பவர்கள் நூற்றுக்கணக்கில். எதற்கென்று தெரியாத கல்லை உருவினால் எந்தச் சுவர் சரியுமோ என்று பயம். உங்களுக்கு நினைவிருக்கிறதா?

பெயர் விஷயம் இதுதான். இழையின் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, போடாதவர் பெயர் இருக்கக் கூடாது என்றார்கள். ரிஃபத்துக்கு நிக்காஹ் பேசியிருந்த நேரம். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். தங்கையைக் காரணம் காட்டி ஒளிந்துகொண்டேன் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

எனக்கும் ஒன்று கேட்க இருக்கிறது. அத்தா மௌத்தாகி அடக்கம் செய்த அன்று, வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைப் போல உங்களைத் 'தம்பி' என்று அல்லாமல் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. அவர் மேலுமா கோபம்?

சஹீர்


மதுக்கரை,
8-11-2025

சஹீருக்கு,

ரத்தப் பரிசோதனை என்று படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

பழைய பதிவுகளை நானும் இறக்கிப் பார்த்தேன். நீ கேட்கிற அந்த இரண்டு விநாடி வரிக்கு எதிரே தேதி 19-8-2017. எழுதியவர் பெயர் என்ன தெரியுமா? சஹீர் அப்துல் மஜீத். உன் வரியை நீ எழுதிவிட்டு, எதற்கு எழுதினேன் என்று என்னிடம் கேட்கிறாய். முதல் பக்கத்தில் தனியாக நிற்க ஆசைப்பட்டவனுக்கு அந்த வரியிலும் தனியாக நிற்கத் தெம்பு இருக்க வேண்டும்.

நான் இப்போது எட்டிமடைப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணினிகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் கேட்க எதுவும் இல்லை. அப்படியும் கேட்க வேண்டுமென்றால், முதல் பக்கத்தில் என் பெயர் வரட்டும். முதலில் என்னுடையது, அதற்குக் கீழே உன்னுடையது. அதன் பிறகு உட்கார்ந்து பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஒரு எழுத்தும் தர மாட்டேன்.

அத்தா விஷயத்துக்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை.

இணைப்பை நிறுத்திவைத்திருக்கிறாய் அல்லவா? அப்படியே இருக்கட்டும். அந்தச் சுந்தரராஜுலுவை நம்பாதே. கூட்டம் சேர்ந்தால் அவரே திருப்பிப் போட்டுவிடுவார்.

19-8-2017. அந்தத் தேதியில் வேறு என்னவோ நடந்தது. பிடிபடவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஆ. அன்புமணி


போத்தனூர்,
12-11-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலை கவுன்டரில் நின்ற கூட்டம் தெரு வரைக்கும் போய்விட்டதாம். சுந்தரராஜுலு என்னிடம் சொல்லாமல் பழையபடி இணைப்பைத் திறந்துவைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆறுச்சாமி என்று ஒருவர் வந்திருக்கிறார். விசைத்தறியில் வேலை, சிறுநீரகம் பழுது. ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வந்தவர். தாளில் நாலு புள்ளி இரண்டு. நல்ல அளவு. "ஒண்ணுமில்லீங்க, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவருடைய உண்மையான அளவு ஆறு புள்ளி ஏழு. நின்றுகொண்டிருக்கும்போதே இதயம் நின்றுபோகக்கூடிய அளவாம். நாலு புள்ளி இரண்டு என்பது அவருக்கு முன்னால் வந்த பெண்ணுடையது.

யுவஸ்ரீக்கு என்னவோ தோன்றியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் திரும்ப எடுத்த தாளையும் இந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். எல்லா எண்களும் ஒன்றே. உடனே போன் அடித்திருக்கிறாள். அவர் பஸ் நிறுத்தத்தில், நல்ல ரிப்போர்ட் வந்த சந்தோஷத்தில், இளநீர் சீவச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். அண்ணா, அந்த நோய்க்காரர்களுக்கு இளநீர் ஆகவே ஆகாதாம். அத்தனையும் பொட்டாசியம்.

"கைல வாங்கிப்போட்டேன் அம்மணி, ஒரு வாய் குடிச்சுட்டு வாரேனே" என்றாராம். "கீழ ஊத்துங்க, ஊத்துன சத்தம் எனக்குக் கேக்கோணும்" என்று கத்தியிருக்கிறாள். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைத்துக்கொண்டார். நான் போய்ப் பார்த்தேன். நான் யாரென்று சொல்லவில்லை. "நல்ல எளநீங்க, வழுக்கை வேற இருந்துது" என்று வருத்தப்பட்டார்.

யுவஸ்ரீயின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று வேலையைக் கவனித்தேன். ஒரு ரிப்போர்ட் வரத் தாமதமானால் அவள் காத்திருப்பதில்லை. ரத்து செய்துவிட்டு அடுத்த ஆளைத் தட்டுகிறாள், ரத்தானதைப் பிறகு திரும்பக் கேட்கிறாள். கூட்டத்தில் வேறு வழியில்லை. அந்த ரத்துக்கும் இரண்டு விநாடிக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பதை வைத்து நூறு இடங்களில் ஓடுகிற வரியை எடுக்கக் கை வரவில்லை. அந்தக் காத்திருப்பு எதையாவது காப்பாற்றிக்கொண்டிருந்தால்?

மறுபடியும் இணைப்பை நிறுத்திவிட்டேன். சுந்தரராஜுலு கெடு வைத்திருக்கிறார். "திங்கக்கிழம காலைல ஏழு மணி வரைக்கும் பாப்பேனுங்க. அப்புறம் பழையபடிதான். பிள்ளைக ரெண்டு தடவ பாத்துக் குடுத்துக்குவாங்க" என்கிறார். அந்தக் கூட்டத்தில் யார் இரண்டு தடவை பார்ப்பார்கள்?

வரி என் பெயரில்தான் இருக்கிறது. ஒப்புக்கொண்டேன். எனக்கு எழுதிய நினைவு இல்லை. ஆனால் நினைவு இல்லை என்பது ஒரு பதிலா? திங்கட்கிழமை சுந்தரராஜுலுவிடம், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். கம்பெனியில் என்ன செய்வார்கள் என்று தெரியும். குல்சுமிடம் சொல்லிவிட்டேன். "உண்மைன்னா எழுதிக் குடுத்துப்போடுங்க" என்றாள்.

உங்கள் பெயரைப் பற்றிக் கேட்டேன், அண்ணா. இந்த முறை பயப்படாமல் கேட்டேன். சம்மதிக்கிறார்கள். ஆனால் அதற்கு இந்தத் திருத்தம் உங்கள் பெயரில் இழைக்குள் வர வேண்டுமாம். நீங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவர் என்பதால், வக்கீல் பார்த்து முடிக்க இரண்டு வாரம். அதற்குப் பிறகு முதல் பக்கத்தில் உங்கள் பெயர், என்னுடையதுக்கு மேலே. எழுத்தில் தருகிறார்கள்.

இரண்டு வாரம் என்றால் திங்கட்கிழமை போய்விடும். நான் உங்களை எதுவும் கேட்கவில்லை. இருப்பதைச் சொன்னேன்.

சஹீர்


மதுக்கரை,
14-11-2025

சஹீர்,

நேற்று மாலை மில்லிலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு பட்டறைத் தகரக் கொட்டகைக்கு அடியில் ஒதுங்கினேன். உள்ளே மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வார்னிஷ் வாசம். அந்த வாசத்தோடு எல்லாம் வந்துவிட்டது.

கணபதியில் மோட்டார் பட்டறைக்கு மேலே நமக்கு ஓர் அறை இருந்ததே, அங்கே. அந்த வாரம் என் லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருந்தது. இருந்தது உன்னுடையது ஒன்றுதான். தட்டியது நீ. சொல்லச் சொல்லத் தட்டினாய். சொன்னவன் நான்.

காரணத்தையும் சொல்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனி மேனேஜர் ஒருவர் எனக்குப் போன் செய்திருந்தார். நம் நிரல் பேச்சின் நடுவில் இணைப்பை அறுக்கிறது, அவர்கள் பக்கம் பதிவு முழுக்கப் பிழை பிழை என்று சிவப்பாக நிற்கிறது என்று புகார். "ஏனுங்க, பேசிட்டிருக்கையிலயே டொக்குன்னு வெச்சுப்போட்டா நல்லாவாங்க இருக்குது?" என்றார். அது என்னைச் சுட்டுவிட்டது. எங்கள் வீட்டில் போனை வைப்பதென்றால் 'வெச்சரட்டுங்களா' என்று இரண்டு தடவை கேட்டு, அந்தப் பக்கம் வைத்த சத்தம் கேட்ட பிறகுதான் வைப்போம். எங்கள் சனங்களுக்கு மரியாதை தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று வளர்த்தார்கள். நான் உன்னிடம் சொன்னேன்: "நாமளா அறுக்கக் கூடாது. ரெண்டு விநாடி பாக்கலாம். அவங்க வெக்கறதுன்னா வெக்கட்டும். வெக்கலைன்னா இன்னும் பேசப் பிரியப்படறாங்கன்னு அர்த்தம், எடுத்து உள்ள வெச்சுக்கோ."

நீ விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "அண்ணா, அவங்க சொல்ல வேண்டிய பதில் மிச்சம் இருந்து, ரெண்டு விநாடி கழிச்சு வந்தா? அடுத்தவன் காதுல விழுமே" என்றாய். சரியாக இதைத்தான் கேட்டாய். எட்டு வருடத்துக்கு முன்னால், ஆறுச்சாமி யாரென்றே நமக்குத் தெரியாத காலத்தில்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க ஊட்டுத் துணிக்கடையாட்ட ஒண்ண ரெண்டு தடவ அளக்காத கண்ணு. அடி." கீழே பட்டறைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நீ அடித்தாய். அதன் பிறகு நீ மறந்துவிட்டாய். நானும்தான். ஆனால் நான் மறந்தது எனக்கு வசதியாக இருந்தது என்பதை இன்றைக்குப் பார்க்கிறேன். போன வாரம் பதிவில் உன் பெயரைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோஷம். வேறு சொல் இல்லை.

எனவே உன் கேள்விக்குப் பதில். அந்த இரண்டு விநாடி எதையும் காப்பாற்றவில்லை. எந்தச் சுவரும் அதன் மேல் நிற்கவில்லை. அது வெறும் மரியாதை. பயப்படாமல் எடு.

இனி செய்ய வேண்டியது. கேள்வி பாதியில் ரத்தானால் காத்திருக்காதே. இணைப்பை அந்த இடத்திலேயே அறுத்துவிடு. அந்தப் பக்கம் சிவப்பாகப் பதிவானால் ஆகட்டும். பதிலைக் கடைசி எழுத்துவரை படித்து முடித்த இணைப்பு மட்டுமே அடுத்தவர் கைக்குப் போக வேண்டும்; ஒரு எழுத்து மிச்சம் இருந்தாலும் அறு. உன் பத்தாயிரம் ஓட்டத்தில் தவறு வராததற்குக் காரணம், உன் சோதனைக் கணினி உடனே பதில் சொல்கிறது. அதை வேண்டுமென்றே மூன்று விநாடி தாமதிக்க வை. ஒன்றை ரத்து செய், அடுத்ததைக் கேள். முதல் தடவையே மாறி வரும். பிறகு திருத்தத்தைப் போட்டு மறுபடி ஓட்டு. மாறாது. மாறினால் மட்டும் எனக்குப் போன் செய். நம்பரைத் திறந்துவிட்டேன்.

ஆறுச்சாமிக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டிருந்தாய். எனக்கும் அதுதான். சுந்தரராஜுலுவிடம் சொல்லி, ரத்தான கேள்விகளின் நேரத்தை எடுத்து, அதற்கு அடுத்து வந்த ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். இதில் அவர் முகத்தைப் பார்க்காதே.

அத்தா. அன்று வந்தேன். போத்தனூர் ஸ்டேஷனில் இறங்கி உன் தெருமுனை வரைக்கும் நடந்து வந்தேன். நீ வாசலில் நிற்பது தெரிந்தது. நான் வருவதை நீ பார்த்தால், நான் தோற்றுப்போய் வந்ததாக ஆகிவிடும் என்று திரும்பிவிட்டேன். பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே, அடக்கம் முடியும்வரை, எதிரே பேக்கரியில் நின்றேன். டீ வாங்கினேன், குடிக்கவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்திருக்கிறது.

இந்தக் கவருக்குள் இரண்டு தாள். ஒன்று, 19-8-2017 அன்று எழுதப்பட்ட அந்த வரியைச் சொன்னவன் நான், சஹீர் எச்சரித்தும் கேட்காதவன் நான் என்ற ஒப்புதல். அதில் என் முழுப்பெயர், தகப்பன் பெயர், கதவு எண் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது நிரல் இல்லை, அதற்கு எந்த வக்கீலும் வேண்டாம். திங்கட்கிழமை நீ எழுதித் தருவதாகச் சொன்ன தாளைக் கிழித்துப்போட்டு இதைச் சுந்தரராஜுலுவிடம் கொடு. குல்சுமிடமும் காட்டு.

மற்றது, நீ இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தாள். திருத்தம் இதில் இருக்கிறது. பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். கீழே என் பெயரைப் போட்டால் இரண்டு வாரத்தில் அது முதல் பக்கத்துக்கு வரும், உன்னுடையதுக்கு மேலே. எழுத்தில் தருகிறார்கள் என்றாய். நம்புகிறேன். அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் ஒருமுறை பார்த்தும்விட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு யுவஸ்ரீ கவுன்டரில் உட்காருவாள். இன்றைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் சேர்த்தால் நாளைக்கு உன் கையில் இருக்கும் என்கிறார் தபால் அலுவலகத்துக்காரர். இரண்டு தடவை கேட்டுவிட்டேன். ஞாயிறு முழுதும் ஓட்டிப் பார்க்க உனக்கு நேரம் இருக்கிறது. உன் கையால் தட்டு, உன் பெயரில் உள்ளே போகட்டும்.

மூன்றரை மணிக்குத் தபால் கட்டை எடுத்துவிடுவார்கள். பேனாவை மூடிவிட்டேன். இந்தத் தாளைப் பெயர் போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.